நூலகத்தில் கழிவுப்பொருள் கலைப் பட்டறை: 10 முதல் 17 வயதினருக்கு, கொழும்புச் சூழலுக்கு ஏற்றபடி

தண்ணீர்ப் போத்தல் ஒன்றுக்குக் கண் ஒட்டி, மினுக்குத் தூள் தூவி, சுடுபசையால் துணிச் சிறகும் வைத்து ஆந்தை செய்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெறும் போத்தலாக இருந்தபோது அதை நிறுத்து வாங்கிக்கொண்டிருக்கக்கூடிய போத்தல்-பேப்பர்க்காரர், ஆந்தையானபின் தொடவும் மாட்டார். மூன்று மாதம் வீட்டு அலுமாரியில் தூசு பிடித்துவிட்டு, எதற்கும் உதவாத கலப்புக் குப்பையாக அது வெளியே போகும். "கழிவிலிருந்து கலை" என்று நூலகங்களில் நடக்கும் பல நிகழ்ச்சிகள் சறுக்குவது இங்கேதான். ஆகவே என்ன செய்யலாம் என்று யோசிக்குமுன், பட்டறை முடிந்ததும் கூடையில் என்ன மிஞ்சும், செய்த பொருள் அலுத்துப்போனால் எங்கே போகும் என்ற இரண்டையும் தீர்மானியுங்கள். எந்தப் பசை, எந்தப் பொருள், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

நடைமுறையில் இதற்கு ஒரே விதி போதும்: வேறு வேறு இனப் பொருளைக் கலக்காதீர்கள். கடதாசியோடு கடதாசியும் மாப்பசையும் மட்டும். பிளாஸ்டிக் என்றால் பசையே இல்லாமல் முடிச்சும் பின்னலும். துணி என்றால் ஊசியும் நூலும். இப்படிச் செய்த எதையும் பிறகு கழற்றி உரிய தொட்டியில் போடலாம். மினுக்குத் தூள், ஸ்பிரே பெயின்ற், சுடுபசை மூன்றும் இந்த விதியால் தாமாகவே வெளியேறிவிடுகின்றன.

சுற்றாடல் உரை நீள வேண்டாம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்ததையும், 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கியதையும் கொழும்புப் பிள்ளைகள் வீட்டிலேயே கேள்விப்பட்டிருப்பார்கள். ஐந்து நிமிடம் பேசுங்கள். பிறகு மேசைக்கு விடுங்கள்.

பொருள் சேர்ப்பதும், அதனால் வரும் இரண்டு தலையிடிகளும்

கடதாசிக்குப் பஞ்சமில்லை. நூலகத்தின் பழைய நாளிதழ்கள் இருக்கின்றன. டியூஷன் வகுப்பில் கொடுக்கும் அச்சடித்த பாடத் தாள்களான டியூட்கள் ஒவ்வொரு வீட்டிலும் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. மருதானை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து அச்சகங்களில் கல்யாணக் கார்ட் வெட்டிய ஓரத்துண்டுகளைக் கேட்டால் கொடுப்பார்கள். தடிப்பும் நிறமும் உள்ள நல்ல தாள் அது. துணிக்கு வெள்ளவத்தைத் தையற்கடைகளின் வெட்டுத்துண்டுகள். வங்கிக் கடிதம், கிளினிக் அட்டை, பெயரும் புள்ளியும் உள்ள விடைத்தாள் ஆகியவற்றை ஏற்காதீர்கள். மாணவர் கையில் அவை போகவே கூடாது.

முதல் தலையிடி நுளம்பு. போத்தல், யோகட் கப், சிரட்டை மூன்றையும் பின்வளவில் குவித்து வைத்தால் ஒரே மழையில் டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் வரை போதும். ஒரு மூடியில் நிற்கும் தண்ணீரே அதற்குப் போதுமானது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கண்டால் வழக்குவரை போகும். போத்தல்களை மூடி போட்டு, கப்புகளையும் சிரட்டைகளையும் கவிழ்த்து, கூரைக்குக் கீழே மட்டும் வையுங்கள். இன்னும் நல்லது, பட்டறைக்கு முந்திய மூன்று நாளில் மட்டும் சேகரிப்பது. ஒரு மாதம் முன்பே "கொண்டு வாருங்கள்" என்று அறிவித்தால் பொருள் கூடும், இடம் குறையும், நுளம்பு மட்டும் நிம்மதியாக இருக்கும்.

இரண்டாவது தலையிடி நூலகத்துக்கே உரியது: பூச்சி. புத்தகம் அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கும் கரப்பொத்தானுக்கும் மாச்சத்து என்றால் உயிர். உணவு ஒட்டிய பெட்டி, ஈரமான காட்போட், மாப்பசை காயாத வேலை எதுவும் புத்தக அடுக்குகள் உள்ள அறைக்குள் போகக்கூடாது. வரும் பொருள் எல்லாம் முதலில் வாசல் பக்கத்து வரவேற்பிலோ வராந்தாவிலோ நிற்கட்டும். பால்மா, பிஸ்கட் பெட்டிகளை உதறித் துடைத்து, ஒரு நாள் வெயிலில் வைத்து, பிறகு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போடுங்கள். காட்போட் பெட்டியில் சேமிப்பது பூச்சிக்கே வசதி. யோகட் கப், ஐஸ்கிறீம் டப்பா போன்றவை பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவி, உள்ளே துளி ஈரமின்றிக் காய்ந்தபின் மட்டும் உள்ளே வரலாம்.

நூலகத்திலிருந்து விலக்கிய புத்தகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழிந்த நூல் ஒன்றை வெட்டிக் கலை செய்வது வெளிநாட்டு நூலகங்களில் சாதாரணம். இங்கே, பொது நூலகத்தின் ஒவ்வொரு நூலும் பதிவேட்டில் உள்ள சொத்து. வருடாந்தக் கணக்கெடுப்பில் கழிக்கப்பட்டு, எழுத்துமூல அனுமதி வந்தபின்தான் கத்தரிக்கோல். அனுமதி இருந்தாலும் தமிழ்ப் பெற்றோர் முன் புத்தகத்தை வெட்டுவதற்கு முன் ஒருதரம் யோசியுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். காலில் பட்டால் தொட்டுக் கும்பிடும் பொருளை வெட்டுவது அவர்களுக்கு விளையாட்டாகத் தெரியாது. சஞ்சிகையும் நாளிதழும் போதும், குறை ஒன்றும் இல்லை.

நாள், நேரம், ஆட்கள்

கொழும்பில் சனிக்கிழமை டியூஷனுக்கு, ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலைக்கு, வெள்ளி மதியம் ஜும்ஆவுக்கு. பௌர்ணமிப் போயா தினம் பல நூலகங்களுக்கு விடுமுறை. மீதி இருப்பது ஞாயிறு பிற்பகலும் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளின் வார நாட்களும்தான். விடுமுறையில் காலை 9.30க்குத் தொடங்குங்கள், மாப்பசை காய நாள் முழுதும் கிடைக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பின்னேர மழையில் கடதாசி வேலை வைத்தால் எதுவும் காயாது, பெற்றோரும் பிள்ளையை அனுப்பத் தயங்குவார்கள்.

10 – 12 வயதினரையும் 13 – 17 வயதினரையும் ஒரே மேசையில் இருத்தாதீர்கள். தம்பி, தங்கை வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சாதாரண தர மாணவர் ஒருவர் கத்தரிக்கோல் தொடவும் கூச்சப்படுவார். "சின்னப் பிள்ளைகளின் கைவேலை" என்று ஒருதரம் பெயர் விழுந்தால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். மூத்தவர்களுக்குப் பயன்படும் பொருள், தங்களுக்கென ஒரு பொறுப்பு, வேலையில் சொந்தத் தெரிவு மூன்றும் வேண்டும். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருப்பவர்களை உதவியாளர்களாகக் கூப்பிடுங்கள். அவர்களைவிடச் சிறந்த தொண்டர்கள் கிடைக்கமாட்டார்கள்.

ஒரு பட்டறைக்கு 16 பேர், நான்கு மேசை. எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர், அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தபடி. நேரம் 90 நிமிடம்: அறிமுகம் 5, செய்து காட்டல் 15, வேலை 50, ஒதுக்கல் 20. ஒதுக்கலுக்கு இருபது நிமிடம் கூடுதலாகப் படும். ஆனால் அதைத் தியாகம் செய்தால் நூலகச் சிற்றூழியர் தனியே நின்று கூட்ட வேண்டி வரும். அடுத்த மாதம் அறை கிடைக்காமல் போகும் உண்மையான காரணம் பெரும்பாலும் அதுதான். பெற்றோர் அனுமதிக் கடிதம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். புகைப்படத்துக்குத் தனியே ஒரு வரி, தனியே ஒரு கையொப்பம்.

பொருட்களை ஆள் கணக்குக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள். வெட்டுக் கத்தி 13 வயதுக்கு மேல், வெட்டும் மட்டையின் மீது, பெரியவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். இளையவர்களுக்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல்.

மாப்பசை

எல்லா வேலைக்கும் அடிப்படை இது. கோதுமை மா 50 கிராம், அதாவது ஆறு மேசைக்கரண்டி. அதை 100 மில்லிலீற்றர் குளிர்ந்த தண்ணீரில் கட்டியின்றிக் கரையுங்கள். 400 மில்லிலீற்றர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கரைசலை மெதுவாக ஊற்றியபடி துழாவுங்கள். வெள்ளையாக இருந்தது இரண்டு மூன்று நிமிடத்தில் பளபளப்பாக, பாதி கண்ணாடி போல மாறும். அங்கேயே இறக்குங்கள். மாறுமுன் இறக்கினால் மா வேகாது. காய்ந்ததும் பொடியாக உதிரும். மாவை நேரே கொதிநீரில் கொட்டினால் கட்டி விழும், பிறகு எவ்வளவு துழாவியும் கரையாது. ஒரு தேக்கரண்டி உப்பும் மூன்று துளி கராம்பு எண்ணெயும் சேர்த்தால் பூஞ்சணம் சற்றுத் தாமதிக்கும். ஆனாலும் கொழும்பு வெக்கைக்கு அடுத்த நாளே புளித்துவிடும். அன்று காலையிலேயே காய்ச்சுவதுதான் சரி. பழைய முறைப் புத்தகம் கட்டுபவர்கள் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அதற்கு இடமில்லை.

இந்த அளவு 16 பேருக்குத் தாராளம். கழுவிய யோகட் கப்பில் இருவருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் கொடுங்கள். கிண்ணம் நிறையக் கொடுத்தால் நிறையத்தான் பூசுவார்கள். கடதாசி வேலை கெடுவதில் பாதி, பசை கூடியதால்தான்.

எட்டு முகக் கூடு: பழைய நாளிதழில்

வெசாக் காலத்தில் கொழும்புத் தெருவெல்லாம் தொங்கும் அட்டபட்டம கூட்டின் கணக்கு எளியது. ஒரே அளவுள்ள ஆறு சதுரம், அதாவது 24 குச்சி. ஆறையும் மூலைக்கு மூலை கட்டினால் இடையில் தானாகவே எட்டு முக்கோணம் உருவாகும், அட்டபட்டம என்ற சிங்களப் பெயருக்கும் எட்டுப் பட்டை என்றே பொருள். மூங்கிலுக்குப் பதில் நாளிதழ்க் குழாய் பயன்படுத்துவோம். மே மாத வெசாக்குக்கு மட்டுமல்ல, கார்த்திகை விளக்கீட்டுக்கும் நத்தாருக்கும் இதே கூடு பொருந்தும். மூத்த பிரிவுக்கு இது நல்ல வேலை: கேத்திரகணிதம் இருக்கிறது, இருவர் மூவர் சேராமல் முடியாது, முடிவில் பெரிதாக ஒன்று தொங்குகிறது. 90 நிமிடம் வீதம் இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

ஒரு கூட்டுக்கு வேண்டியவை: பெரிய அளவு நாளிதழின் தாள் 15 (சுமார் 38க்கு 55 செ.மீ.), பின்னல் ஊசி அல்லது பழைய குடைக்கம்பி, பருத்தி நூல், மாப்பசை, மூடுவதற்கு ஒளி கசியும் பழைய தாள், பட்டரியில் எரியும் எல்.ஈ.டி. மாலை ஒன்று.

முதல் நாள் குழாய். தாளை மேசையில் விரித்து, ஒரு மூலையில் கம்பியைச் சரிவாக வைத்து, எதிர் மூலையை நோக்கி இறுக்கமாகச் சுருட்டுங்கள். கடைசி மூலையில் மட்டும் விரல்நுனி அளவு பசை. கம்பியை உருவினால் சுமார் 65 செ.மீ. நீளமான குழாய் கிடைக்கும், பென்சிலைவிடச் சற்று மெலிதாக. தொடக்கத்தில் தளர்வாகச் சுற்றினால் குழாய் தடித்து, அழுத்தியதும் மடியும். முதல் மூன்று சுற்று இறுக்கமாக வந்தால் மீதி தானாக வரும். யாருக்கும் முதல் குழாய் சரிவராது, ஆகவே மூன்று தாள் பழகுவதற்கென்றே கணக்கில் இருக்கிறது. இரு நுனியும் மெலிந்து பலவீனமாக இருக்கும். அந்தப் பக்கத்தில் ஐந்து ஐந்து செ.மீ. நறுக்கிவிட்டு, நடுவிலிருந்து 27 செ.மீ. துண்டு இரண்டு எடுங்கள். 12 தாளில் 24 துண்டு வந்துவிடும். இரவு முழுதும் மின்விசிறியின் கீழ் உலரட்டும். அந்த ஈரம் போகாமல் கட்டினால் அடுத்த நாள் கூடு தொய்ந்து நிற்கும்.

இரண்டாம் நாள் கட்டுதல்.

1. ஒவ்வொரு குழாயின் இரு நுனியையும் 1 செ.மீ. தட்டையாக்குங்கள். கட்டியபின் ஒரு பக்கம் 25 செ.மீ. வரும்.

2. நான்கு குழாயைச் சதுரமாக வைத்து, மூலைகளை எட்டு வடிவில் ஐந்து சுற்று நூலால் கட்டுங்கள். நூலை மிக இறுக்கினால் குழாய் நசுங்கி வெட்டுப்படும்.

3. மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். இரண்டும் 35 செ.மீ. 4 மி.மீ. இருக்க வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் அது சதுரமல்ல, சாய்சதுரம். அந்த நீளத்துக்கு ஈர்க்கு ஒன்றை முறித்து வைத்துக்கொண்டால் அளவுகோல் தேடத் தேவையில்லை.

4. ஆறு சதுரமும் முடிந்ததும், நான்கை முனையில் நிற்கும்படி வைத்து, பக்க மூலைகளை ஒன்றோடொன்று கட்டுங்கள். இப்போது ஒரு வளையம் கிடைக்கும். ஒருவர் பிடிக்க ஒருவர் கட்ட வேண்டிய இடம் இதுதான்.

5. ஐந்தாவது சதுரத்தை மேலே படுக்கையாக வைத்து, வளையத்தின் மேல்நோக்கிய நான்கு முனையுடன் கட்டுங்கள். ஆறாவது கீழே. மொத்தம் 12 முடிச்சு. கூடு மேலிருந்து கீழ் 35 செ.மீ. சொச்சம் இருக்கும்.

வளையம் கட்டும்வரை எல்லாம் ஆடிக்கொண்டிருக்கும். "பிழைத்துப்போச்சு" என்று பிள்ளைகள் கைவிடுவது அந்த இடத்தில்தான். மேற்சதுரம் கட்டியதும் பாதி நிமிரும், கீழ்ச்சதுரம் கட்டியதும் விறைத்துவிடும். முதலிலேயே இதைச் சொல்லி வையுங்கள்.

மூடுவதற்குப் பரிசு சுற்றிய பழைய மெல்லிய தாள், தையற்காரரின் வெட்டு மாதிரித் தாள், சென்ற வருடக் கூட்டிலிருந்து உரித்த ரிஷூ எல்லாம் நல்லது. டியூட் தாளில் தேங்காய் எண்ணெய் தடவினால் அழகாக ஒளி கசியும். ஆனால் சில வாரத்தில் சிக்கு நாற்றம் வரும், எறும்பும் வரும், தீயும் எளிதில் பற்றும். நூலகத்துக்கு அது வேண்டாம். தாளை முகத்தைவிட ஒரு செ.மீ. கூடுதலாக வெட்டி, ஓரத்தைக் குழாயைச் சுற்றி மடித்து ஒட்டுங்கள். பசை குழாயில் படவேண்டும், தாளில் அல்ல. எதிரெதிர் முகங்களைச் சோடியாக மூடுங்கள். தாள் காயும்போது சுருங்கி இழுக்கும். ஒரு பக்கத்தை மட்டும் மூடி விட்டால் கூடு அந்தப் பக்கம் முறுக்கிக்கொள்ளும். மேற்சதுரம் திறந்தே இருக்கட்டும், எல்.ஈ.டி. உள்ளே இறக்கவும் பிறகு எடுக்கவும். மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு பற்றிப் பேச்சே வேண்டாம். வால் வைப்பதானால் கீழ்மூலைகளில் நாளிதழ் நறுக்கு.

டியூட்டிலிருந்து புதுத் தாள்

ஈர வேலை, வராந்தாவில் மட்டும். கணக்கு இலகு: ஒரு ஏ4 தாள் 5 கிராம், அதிலிருந்து தடிப்பான ஒரு ஏ5 தாள் வரும். 16 பேருக்கு 20 தாள் எடுங்கள். ஸ்டேப்ளர் கம்பியைக் கழற்றி, இரண்டு செ.மீ. துண்டுகளாகக் கிழித்து முதல்நாள் இரவே ஊறவையுங்கள். ஊறாமல் அரைத்தால் பிளெண்டர் மோட்டர் சூடாகி நின்றுவிடும். ஒரு தாளுக்கு முக்கால் லீற்றர் தண்ணீர் வீதம் முப்பது செக்கன் அரையுங்கள். அந்தப் பிளெண்டர் இனிச் சமையலுக்கு ஆகாது. பழையது ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள்.

வடிசட்டத்துக்கு ஒரே அளவுப் பழைய படச்சட்டம் இரண்டு. ஒன்றில் நுளம்பு வலையை மத்தளத் தோல் போல இழுத்து அறையுங்கள். தொய்ந்த வலையில் கூழ் நடுவில் குவிந்து, ஓரம் ஓட்டையாகும். மற்றச் சட்டம் வலையின் மேல் வெறுமனே அமரும். பத்து லீற்றர் தண்ணீர் உள்ள அகன்ற பேசினில் எட்டுத் தாளின் கூழைக் கலக்கி, சட்டத்தைச் செங்குத்தாக இறக்கி, உள்ளே படுக்கவைத்து, நேராக மேலே தூக்குங்கள். தூக்கியவுடன் முன்னும் பின்னும் ஒருதரம் மெல்ல அசைத்தால் இழைகள் பின்னிக்கொள்ளும். தண்ணீர் வடியத் தொடங்கியபின் அசைத்தால் கிழியும். பிறகு மேற்சட்டத்தை எடுத்து, ஈரமான பழைய வேட்டித் துண்டின் மேல் கவிழ்த்து, வலையின் முதுகில் பஞ்சால் ஒற்றி, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். தாள் வலையோடு வந்தால் தண்ணீர் இன்னும் ஒற்றவில்லை என்று பொருள்.

ஐந்தாறு தாளுக்கு ஒருதரம் பேசினில் கூழ் சேர்க்க வேண்டும். மறந்தால் கடைசிப் பிள்ளைக்குத் தாள் அல்ல, சிலந்திவலை கிடைக்கும். துணியோடு அடுக்கி, பலகை வைத்து, தண்ணீர் நிரப்பிய போத்தல்களால் பாரம் ஏற்றுங்கள் (புத்தகங்களால் அல்ல!). வெயிலில் போட்டால் சுருண்டு போகும். நிழலில், துணியோடு, மழை நாளானால் இரண்டு நாள். லேசர் அச்சு மை முழுதாகப் போகாது, சிறு கரும்புள்ளியாக நிற்கும். அதை மறைக்க முயலாதீர்கள், டியூட்டின் எச்சம் தெரிவதுதான் அழகு. மீந்த கூழைத் துணியில் வடித்து உருண்டையாக்கிக் காயவையுங்கள். வடிகாலில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

மணிகளும் பையும்

இளையவர்களுக்குக் கடதாசி மணி. பளபளப்பான சஞ்சிகைத் தாளில், அடி 2.5 செ.மீ., நீளம் 29 செ.மீ. உள்ள நீண்ட முக்கோணங்களாகக் கோடு போட்டு வெட்டுங்கள். தலைகீழாக மாற்றி மாற்றிக் கோடு போட்டால் ஒரு ஏ4 அளவில் பதினைந்து வரும். அகன்ற பக்கத்திலிருந்து ஈர்க்கின் மேல் சுருட்டி, கடைசி மூன்று செ.மீ.க்கு மட்டும் பசை. தொடக்கத்திலேயே பசை பூசினால் மணி ஈர்க்கோடு ஒட்டிக்கொள்ளும். 45 செ.மீ. மாலைக்கு 18 மணி. முக்கோணத்தின் நடுக்கோடு சற்றுத் தப்பினாலும் மணி ஒரு பக்கம் சாயும், அதில் ஒன்றும் குறைவில்லை. இங்கே மட்டும் பைண்டர் கம் (கடையில் வாங்கும் வெள்ளைப் பசை) நல்லது. கழுத்து வியர்வையில் மாப்பசை இளகும்.

அடுத்தது ஷொப்பிங் பேக் பின்னல்: ஒரு பையிலிருந்து தேநீர்க் கோப்பை வைக்கும் தட்டு ஒன்று வரும். 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் பைக்குக் காசு வாங்குவதால் வீடுகளில் குவியல் குறையும். இதற்காகப் புதுப் பை வாங்கினால் வேலைக்கே அர்த்தமில்லை. பையைத் தட்டையாக விரித்து, பிடியையும் அடித் தையலையும் வெட்டி நீக்கி, குறுக்கே 3 செ.மீ. பட்டைகளாக நறுக்குங்கள். ஒவ்வொன்றும் வளையமாக வரும். வளையத்துக்குள் வளையம் கோர்த்து இழுத்தால் முடிச்சில்லாமலே நீளும். ஒரு நடுத்தரப் பையில் மூன்று மீற்றருக்கு மேல் தேறும். 12 செ.மீ. சதுரக் காட்போட் மட்டையின் இரு ஓரத்திலும் அரை செ.மீ.க்கு ஒரு வெட்டு வைத்து, சணல் நூலைப் பாவாக (நீளவாக்கில்) இழுத்து, அதில் மேல் கீழாகப் பின்னுங்கள். ஒவ்வொரு வரியையும் பழைய சீப்பால் நெருக்கிவிடுங்கள். கோர்க்கும்போது வெடுக்கென்று இழுத்தால் மெல்லிய பை அறுந்துவிடும். ஓரம் உள்ளே வளைந்து வந்தால் திரும்பும் இடத்தில் இழுவை கூடிவிட்டது. பாவு சணல் என்பதால் இனம் கலந்ததுதான், ஆனால் ஒரு வெட்டில் பிரிந்துவிடும்.

இணையத்தில் அழகாகத் தெரிந்தாலும் அறைக்குள் செய்யக்கூடாதவை சில உண்டு. பைகளை அயன் பண்ணி ஒட்டுவது, யோகட் கப்பை ஓவன் அடுப்பில் சுருக்குவது இரண்டிலும் புகை வரும். யோகட் கப் பெரும்பாலும் பொலிஸ்டைரீன், சூட்டில் அது விடும் ஆவி பிள்ளைகள் சுவாசிக்கக் கூடியதல்ல. சீடி வெட்டினால் கண்ணுக்குத் தெறிக்கும். கண்ணாடிப் போத்தல், மின்குமிழ், பழைய பட்டரி, மருந்துப் பொதி, வெட்டிய டின் விளிம்பு எதுவும் மேசைக்கு வரக்கூடாது.

தராசு, காட்சி, அதன் பிறகு

மூத்த மாணவர் ஒருவரிடம் சமையலறைத் தராசைக் கொடுங்கள். வந்த பொருள் எவ்வளவு, செய்பொருளானது எவ்வளவு, எந்தத் தொட்டிக்கு எவ்வளவு போனது என்று எழுதட்டும். நீலத் தொட்டி கடதாசிக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, பச்சை உணவுக் கழிவுக்கு. உதாரணத்துக்கு மூன்று கிலோ வந்து, இரண்டு கிலோ பொருளாகி, மீதியில் தொள்ளாயிரம் கிராம் நீலத்துக்கும் செம்மஞ்சளுக்கும் போயிருந்தால், எங்கும் சேராத நூறு கிராமைப் பற்றித்தான் அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும். அது எதிலிருந்து வந்தது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள், பெரும்பாலும் செலோரேப்தான்.

காட்சிக்குப் புத்தக அடுக்கின் தலையைப் பயன்படுத்தாதீர்கள். கூடுகளை உட்கூரையிலிருந்து, அடுக்குகளுக்கு ஒரு மீற்றராவது தள்ளித் தொங்கவிடுங்கள். பெயர்ச்சீட்டில் செய்தவரின் முதற்பெயர், வயது, என்ன கழிவு, எப்படிப் பிரிக்கலாம் என்ற நான்கும் தமிழிலும் சிங்களத்திலும். மாப்பசை வேலை எதுவும் நான்கு வாரத்துக்கு மேல் நூலகத்துக்குள் இருக்கக்கூடாது. வாரத்துக்கு ஒருதரம் முடிச்சுகளின் அடியில் டோர்ச் அடித்துப் பாருங்கள். அரித்த ஓரமோ மாவு போன்ற தூளோ கண்டால் அன்றே வெளியே.

இறக்கும் நாளை அனுமதிக் கடிதத்திலேயே குறிப்பிட்டு, இரண்டு வாரத் தவணை கொடுங்கள். அதற்குள் எடுத்துச் செல்லாத கூடுகளின் எல்.ஈ.டி. மாலையையும் பட்டரியையும் கழற்றி அடுத்த தொகுதிக்கு வையுங்கள். மூடிய தாள் கிழியாமல் உரிந்தால் அதையும் வையுங்கள். நூலை அறுத்தால் 24 குழாயும் தனித்தனியாக விழும். நேராக இருப்பவை அடுத்த பட்டறையில் செய்து காட்ட, நெளிந்தவை ஊறவைத்துக் கூழாக்க.